பெருவழியில் ஒரு பந்தி

கோவையிலிருந்து பல்லடம், பொங்கலூர் வழியாகக் காங்கேயத்துக்கும் கரூருக்கும் போகும் நெடுஞ்சாலையைத் திருப்பூர்–தாராபுரம் சாலை குறுக்கிடுகிற சந்தியில் இருக்கிறது அவிநாசிபாளையம். நூற்பொதி ஏற்றிய லாரிகளும், பல்லடத்துக் கறிக்கோழிகளைக் கூண்டு கூண்டாகச் சுமந்த வண்டிகளும், பனியன் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்களும் இரவு பகலாக அங்கே திரும்பிக்கொண்டிருக்கின்றன. கடந்து போவதற்கென்றே ஏற்பட்ட இடமாக இதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, சிறு சிறு சுற்றுகளாக உணவைப் பரிமாறி, ஒவ்வொரு சுற்றுக்கும் இசைந்த ஒயினை ஊற்றி, ஒரு மாலைப்பொழுது முழுவதையும் போஜனத்துக்கே அர்ப்பணிக்கிற மேல்நாட்டு விருந்துமுறையைப் பற்றி இந்த ஊரை முன்வைத்துச் சிந்திப்பது பொருந்தாத காரியமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விருந்து நமக்குக் கற்பிக்கக்கூடியது எது, கற்பிக்க இயலாதது எது என்பதை இந்தச் சந்தியில் நின்று பார்க்கும்போதுதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்று நம்புகிறேன்.

பாலக்காட்டுக் கணவாயையும் கரூரையும் இணைக்கும் இந்தத் திசை நேற்று உண்டானதன்று. கோவைக்கருகே சுண்டக்காமுத்தூர்ப் பாறையில் ‘ராஜகேசரிப் பெருவழி’ என்று சோழர் காலத்தில் எழுத்துப் பொறிப்பதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மேல்கரையில் முசிறித் துறையில் இறங்கிய யவனச் சரக்கு கணவாயைத் தாண்டி இந்த மேட்டு நிலத்தின் வழியாகக் கிழக்கே போயிற்று. வடகிழக்கே நொய்யல் கரையில் கொடுமணலில் 1985 முதல் அகழ்ந்தெடுத்த மணிகளும் இரும்பு உலைகளும், படியூரில் பூமியிலிருந்து தோண்டிய நீலப்பச்சைக் கற்களும், கொங்கு நாட்டில் பானை பானையாக அகப்பட்ட ரோமானியக் காசுகளும் அந்தப் போக்குவரத்துக்குச் சாட்சி. யவனர் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதற்குக் கடற்கரையில் சாட்சி இருக்கிறது: 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோதும், இந்த நூற்றாண்டில் கேரளத்தில் பட்டணம் என்ற ஊரைத் தோண்டியபோதும், கோஸ் தீவிலும் இத்தாலியின் காம்பானியாவிலும் பிழிந்த திராட்சை மதுவைச் சுமந்துவந்த இருகைச் சாடிகளின் ஓடுகள் குவியல் குவியலாகக் கிடைத்தன. யவனர் நல்ல கலத்தில் தந்த மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊற்றிக் கொடுக்க அருந்துமாறு ஒரு பாண்டியனை நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஆகவே, ஒயினும் விருந்தும் சேர்ந்திருப்பதை நேற்றைய விமானத்தில் வந்திறங்கிய நாகரிகமென்று ஒதுக்குகிறவர்கள், தம்முடைய மூதாதையர் உண்ட இலையையே மறந்து பேசுகிறார்கள்.

அந்த விருந்தின் ஸ்வரூபம் என்ன? பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு இட்ட ‘டெகஸ்டேஷன்’ என்ற பெயர் இன்று உலகெங்கும் வழங்குகிறது. ஏழோ ஒன்பதோ பன்னிரண்டோ பதார்த்தங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்க்கு மேல் வராத அளவில், சமையற்காரர் நிச்சயித்த வரிசையில் வருகின்றன. உண்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. அந்த உரிமையைச் சமைப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு அமர்வதே அதன் முதல் நிபந்தனை. ஒவ்வொரு பதார்த்தத்தோடும் அறுபது எழுபது மில்லிக்குமேல் போகாமல் ஒரு ஒயினை ஊற்றி, அது எந்த மண்ணில் எந்த ஆண்டில் விளைந்த திராட்சை என்பதையும் இந்தப் பதார்த்தத்தோடு ஏன் சேர்த்தோம் என்பதையும் பரிமாறுகிறவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறார். பழைய ஐரோப்பாவில் இந்த வரிசை இருக்கவில்லை. அரசர் வீட்டு மேஜையில் எல்லாப் பதார்த்தங்களையும் ஒரே சமயத்தில் பரப்பிவைப்பதுதான் அங்கே மரியாதையாக இருந்தது. 1810 வாக்கில் பாரீஸுக்கு ருஷ்யத் தூதராக வந்த இளவரசர் குராகின் தம் வீட்டு விருந்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறச் செய்ததிலிருந்து அந்த வழக்கம் மாறத் தொடங்கியது என்பர். அதற்கும் ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, 1970-களில், கனத்த மாச்சாறுகளை விலக்கி அளவைச் சுருக்கிய புதிய பிரெஞ்சுச் சமையல் எழுந்தபோதுதான் இன்று நாம் காணும் பல சுற்று விருந்து நிலைபெற்றது. பரப்பிவைத்து உண்பதிலிருந்து வரிசைப்படுத்தி உண்பதற்கு ஐரோப்பா வந்துசேர்ந்தது, ஏறக்குறைய இந்த இரண்டு நூற்றாண்டுக்குள் நடந்து முடிந்த சங்கதி.

நம்முடைய வாழை இலை இரண்டையும் அறிந்தது. பொரியலும் கூட்டும் ஊறுகாயும் இனிப்பும் ஒரே நேரத்தில் இலையின் மேற்பாதியில் இடம்பிடிக்க, கீழ்ப்பாதியில் சோறு மட்டும் காலத்தை அனுசரித்து மாறிக்கொண்டே போகிறது: பருப்பும் நெய்யும், குழம்பு, ரசம், கடைசியில் தயிரோ மோரோ. இந்த வரிசையை எந்தச் சமையல் வித்துவானும் உட்கார்ந்து எழுதியதாகத் தெரியவில்லை. பசியின் வேகத்துக்கு நெய்ப்பருப்பையும், வேகம் தணிந்த நாவுக்குப் புளியையும், புளியில் விழித்த நாவுக்கு மிளகின் தெளிவையும், காரம் ஏறிய வாய்க்கு மோரின் சாந்தியையும் வைத்தது தலைமுறை தலைமுறையாக உண்டவர்களின் அனுபவம். சென்னைக் கிண்டியில் ஐ.டி.சி. கிராண்ட் சோழா ஹோட்டலில் 2017-இல் தொடங்கிய ‘அவர்தனா’ என்ற உணவகம், தென்னாட்டுச் சமையலையே ஏழு சுற்றிலிருந்து பதின்மூன்று சுற்றுவரையிலான விருந்தாக வகுத்துப் பரிமாறுகிறது. அங்கே தக்காளி ரசத்தைத் தெளியவைத்து, பச்சிலைகளின் வாசனை ஏறும்படி கண்ணாடிக் குடுவையில் ஊறவைத்து, மது அருந்தும் தண்டுக் கிண்ணத்தில் ஊற்றித் தருகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு முகம் சுளித்த பெரியவர்களை எனக்குத் தெரியும். நான் அதை மதிக்கிறேன். சோற்றில் பிசைந்துவிட்டால் கவனிக்காமலே விழுங்கப்படுகிற ஒரு பானத்தை, அது தன்னளவில் ஒரு பானம் என்று நினைவூட்டி, தனியே கையில் ஏந்தி, தனியே முகர்ந்து, தனியே சுவைக்கும்படி செய்வது, ரசத்தை உயர்த்துகிற காரியமேயன்றித் தாழ்த்துகிற காரியமன்று. கொங்கு வீடுகளில் கொள்ளு ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிக்கிறவர்கள் இதை முன்பே அறிந்தவர்கள்.

ஆனால் சமீப காலமாக நம்முடைய பந்தி அந்த வரிசையின் பொருளை இழந்துகொண்டு வருகிறது. திருப்பூர்ச் சீமையில் எந்தக் கல்யாண மண்டபத்திலும், உண்டுகொண்டிருப்பவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்திக்குரியவர் நிற்கிறார். ரசம் வருவதற்குள் தயிர் வாளி வந்துவிடுகிறது. ஒப்புட்டின்மேல் சாம்பார் வழிகிறது. இதற்கு விருந்தளிப்பவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. 1978-இல் வெரோனா என்ற இத்தாலிய இறக்குமதியாளர் வெள்ளை டி-சர்ட் தேடி பம்பாய் வழியாகத் திருப்பூருக்கு வந்த காலத்திலிருந்து, இந்தச் சீமையின் நாட்காட்டியே கப்பல் ஏற்றும் தேதியாகிவிட்டது. கட்டிங்கில் ஒரு நாள் தாமதமானால் தையலில் ஓர் இரவு விழிக்க வேண்டும். செக்கிங்கில் பீஸ் திரும்பினால் அயர்னில் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆதலால் ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே எதை எவ்வளவு வேகமாக உள்ளே தள்ள முடியுமோ அதுவே ஆகாரம் என்றாகி, அந்த வேகம் மெல்ல மெல்ல விசேஷ வீட்டுப் பந்திக்கும் பரவிவிட்டது. இங்கிருந்து மிலானுக்கும் பாரீஸுக்கும் போகிற ஏற்றுமதியாளர், பையர் அழைத்த விருந்தில் மூன்று மணி நேரம் அமர்ந்துவிட்டு வந்து, அங்கே உண்டதைவிட அங்கே காத்திருந்ததைப் பற்றியே வியப்போடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் விடுகிற அவகாசமும் அந்த விருந்தில் பரிமாறப்படுகிற பொருள்களில் ஒன்று என்று அவருக்குப் பட்டிருக்கிறது. நம்மிடம் இருந்து போன பொருளும் அதுதான்.

ஒயினை உணவோடு பொருத்துவது ஆடம்பரக்காரர்களின் கற்பனை என்று நினைப்பவர்கள் உண்டு. அதில் வெறும் பகட்டும் கலந்திருப்பதை மறுக்க வேண்டியதில்லை; ஆனாலும் அதன் அடிப்படை திடமானது. சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் இறங்கிய துவர்ப்பு இருக்கிறது. பாக்கிலும் கடுக்காயிலும் நாவற்பழத்திலும் நாம் அறிந்த அதே துவர்ப்பு. அது உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றி இழுத்து வாயை உலர்த்துகிறது. கொழுப்பும் புரதமும் நிறைந்த ஆட்டிறைச்சி வாயிலிருந்தால் அவற்றைப் பற்றிக்கொண்டு அந்தத் துவர்ப்பு மென்மையடைகிறது, இறைச்சியின் நிணமும் நாவிலிருந்து கழுவப்படுகிறது. புளிப்பான பதார்த்தத்தோடு அதைவிடப் புளிப்புக் குறைந்த ஒயினைச் சேர்த்தால் ஒயின் சப்பென்று போய்விடும். மிளகாய்க் காரத்தின்மேல் சாராயச் சத்து மிகுந்த பானம் பட்டால் எரிச்சல் இரட்டிக்கும். ஆகவே புளியும் மிளகாயும் ஆளுகிற நம் குழம்புக்கு முன்னால் உயர்ந்த சிவப்பு ஒயின்கள் பல தோற்றுப்போகின்றன; சற்றே இனிப்பு மிஞ்சிய, புளிப்பு நிமிர்ந்த வெள்ளை ஒயின்களே ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. அதே சாஸ்திரத்தின்படி பார்த்தால், மிளகாயின் எரிச்சலைத் தருகிற பொருள் நீரில் கரையாதது, பாலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாவை விட்டு நீங்குவது. எனவே காரத்துக்குப் பின் மோர் என்ற நம்முடைய ஏற்பாடு எந்தப் பிரெஞ்சு வித்துவானும் குறைகாண முடியாத பொருத்தம். விருந்தின் முடிவில் வெற்றிலை பாக்கின் துவர்ப்பை வைத்து வாயைச் சுத்தி செய்ததும் அப்படியே.

இங்கே சரித்திரம் ஒரு சுவாரசியமான வாய்ப்பைத் தருகிறது. யவனச் சாடிகள் வந்த காலத்தில் தமிழ்நாட்டில் மிளகாய் இல்லை, தக்காளியும் இல்லை; இரண்டும் போர்த்துக்கீசியர் வருகைக்குப் பிறகு அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நம் காரம் மிளகுக் காரமாக இருந்தது. அந்த மிளகுக்காகத்தான் யவனர் வந்தார்கள், அதற்காகவும் நம் கற்களுக்காகவும் ரோமாபுரியின் பொன் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான நாணயமாக இந்தியாவுக்கு ஒழுகிப்போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி நொந்துகொண்டார். மிளகு தூவிச் சுட்ட இறைச்சியோடு காம்பானியத்து மது இசைந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கரூரில் உண்ட சேர நாட்டுச் செல்வர் ஒருவரின் இலைக்கும் அந்த மதுவுக்கும் இருந்த ஒற்றுமை, இன்றைய நம் கறிக்குழம்புக்கும் அதற்கும் இல்லை.

பொருத்தம் என்பது அடிப்படையில் நிலத்தின் காரியம் என்றே இதிலிருந்து எனக்குத் தோன்றுகிறது. ஒரு பள்ளத்தாக்கில் மேய்கிற ஆடும், அதே பள்ளத்தாக்கில் காய்க்கிற கொடியும், அங்கேயே உண்டு குடித்து வாழ்கிற ஜனங்களும் பல நூறு ஆண்டுகள் சேர்ந்திருக்கும்போது ஒன்றுக்கொன்று வளைந்து கொடுத்து இசைந்துவிடுகின்றன. மெல்போர்ன் நகரத்தின் புறநகரான ரிப்பன்லீயில் ‘அட்டிகா’ என்ற உணவகத்தை உலகப் பிரசித்தமாக்கிய பென் ஷூரி, நியூஸிலாந்துக் கிராமத்தில் வளர்ந்தவர். மவோரி மக்கள் குழி தோண்டிப் பூமிக்குள் உணவை வேகவைப்பதைச் சிறுவயதில் கண்டவர். அவர் தம் பல சுற்று விருந்தில் ஓர் உருளைக்கிழங்கை, அது விளைந்த மண்ணுக்குள்ளேயே புதைத்து நெடுநேரம் வாட்டி எடுத்துப் பரிமாறினார். நகரத்து நடு வீதியிலன்றிக் குடியிருப்புகளின் நடுவே இருந்த ஒரு சிறு கடை, அப்படியொரு கிழங்கைக் கொண்டு உலகத்தாரை வரவழைத்தது. நம் காடுகளில் கடலைக்காய் பிடுங்கும் நாளில் வரப்போரத்துச் சருகைக் கொளுத்தி, மண்ணோடு சுட்டு, ஊதி ஊதித் தின்பது இதற்கு எந்த விதத்திலும் குறைந்ததன்று. அதற்குத் தட்டும் வரிசையும் கொடுத்து விருந்தின் முதல் சுற்றாக முன்வைக்கும் துணிவுதான் நம்மிடம் பிறக்கவில்லை.

நிலத்தின் சுவையைப் பேச வேண்டுமானால், இந்தச் சீமைக்குப் பேசுவதற்கு நிறைய இருக்கிறது. காங்கேயத்தைச் சுற்றியுள்ள கொறங்காடுகளை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: கிளுவை வேலி சூழ்ந்த மானாவாரி மேய்ச்சல் நிலம், நடுவே வெள்வேல மரங்கள், தரையெங்கும் கொழுக்கட்டைப் புல். மழை குறைந்த பூமி. அந்தக் குறையே அதன் குணம். அந்தப் புல்லை மேய்ந்த மாட்டின் பாலிலும் ஆட்டின் கறியிலும் ஒரு தனித்த சுவை இருப்பதாக இங்குள்ளவர்கள் சாதிப்பது வீண் அபிமானமென்று நான் நினைக்கவில்லை. ஊத்துக்குளி வெண்ணெய் பெயர் பெற்றது பெயரால் மட்டுமன்று. பொங்கலூர், குண்டடம் பக்கத்துச் செம்மண்ணில் விளையும் சின்ன வெங்காயத்தின் உறைப்பும், ஈரோட்டு மஞ்சளின் வாசனையும், பரம்பிக்குளம்–ஆழியாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் செழித்த தென்னையின் காயும் சேர்ந்ததே நம்முடைய செலவு அரைத்த குழம்பு. அதற்கு இசைந்த பானம் எது என்று கேட்டால், விடையைத் தேடி நாசிக்குக்கும் நந்தி மலைக்கும் போக வேண்டியதில்லை. அங்கே ஸூலா, குரோவர் என்ற ஒயின் நிறுவனங்கள் இந்த முப்பதாண்டுகளில் செய்துகாட்டியது மரியாதைக்குரிய சாதனை. உறங்காத வெயிலில் கொடியை ஆண்டுக்கு இருமுறை கத்தரித்து, ஒருமுறை மட்டும் அறுவடை செய்து, ஐரோப்பியத் திராட்சையை இந்த அட்சரேகையில் ஒயினாக்குவது எளிதான காரியமன்று. எனினும் கொங்கு இலைக்கு உரிய பானம் பனையிலும் தென்னையிலும் இருந்தது.

இருந்தது என்று இறந்தகாலத்தில் எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதியமானை இழந்து ஔவை பாடிய பாட்டில், கொஞ்சமே கள் கிடைத்த நாளில் அதை எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்த நாளில் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து உடனுண்பான் என்கிற பொருளில் ஒரு நினைவு வருகிறது. ஒரு பெண், ஒரு கவிஞர், அரசனோடு அமர்ந்து பகிர்ந்த பானம் அது; சோறும் இறைச்சியும் கூடவே வருகின்றன. குடி அன்று பந்திக்குள் இருந்தது; பந்திக்குரிய அளவும் நாணமும் அதற்கும் இருந்தன. பின்னால் வந்த வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரமும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வகுத்தார். அவர் காலத்துக்குள் ஏதோ பிரிந்துபோயிருக்க வேண்டும்.

இந்தப் பிரிவைச் சாதாரணமாகப் பேசிவிட எனக்கு மனம் வரவில்லை. மதுவிலக்கு இயக்கத்தின் பிறந்த வீடுகளில் கொங்கு நாடும் ஒன்று. 1920-களின் தொடக்கத்தில் பெரியார் தம் தோப்பின் தென்னைகளைக் கள்ளுக்கு விடக்கூடாதென்று வெட்டிச் சாய்த்தார். திருச்செங்கோட்டுக்கருகே புதுப்பாளையத்தில் 1925-இல் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் துணையாசிரியராக இருந்தார். 1937 அக்டோபர் முதல் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. அதனால் இழந்த வருமானத்தை ஈடுகட்ட விற்பனை வரியையும் ராஜாஜியே கொண்டுவந்தார். 1948-இல் மாகாணம் முழுவதும் பூரண மதுவிலக்கு ஆயிற்று. குடிசையில் அடுப்பெரியாத இரவுகளை நேரில் கண்டவர்கள் அவர்கள். அவர்களுடைய கோபம் சத்தியமான கோபம். ஆனால் 1971-க்குப் பிறகு தடை விலகுவதும் திரும்புவதுமாக அலைந்து, நாம் வந்துசேர்ந்திருக்கிற இடம் அவர்கள் கனவிலும் எண்ணாதது. 1983-இல் ஏற்பட்ட டாஸ்மாக் 2003-இலிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. 1987 முதல் கள் இறக்குவது குற்றம். மரத்திலிருந்து இறங்கி, இரவில் புளித்து, நூற்றுக்கு ஐந்தாறு பங்கு மட்டும் சாராயச் சத்துக் கொள்கிற பானத்துக்குத் தடை, நூற்றுக்கு 42.8 பங்கு சத்துக் கொண்ட பிராந்திக்கு அரசாங்கமே கடை. 2017-இல் நீரா இறக்க வழி செய்தார்கள். அது புளிக்காத பானம், நல்லதுதான், ஆனால் அதனோடு எந்த விருந்தும் வளரவில்லை.

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அந்த மாலையில் கம்பெனி விட்டு வருகிற இளைஞன், நாள் முழுவதும் நின்று வேலை செய்த கால்களோடு, கடைக்குப் பக்கத்து இருட்டில் நின்றபடியே பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் கலந்து, இரண்டு மடக்கில் விழுங்கிவிட்டு நகர்கிறான். அவனுக்கு இலை இல்லை, உடன் உண்பவர் இல்லை, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும் அவகாசம் இல்லை. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதென்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டபின் 2017 ஏப்ரலில் கடைகள் ஊர்களுக்குள் நகர்ந்தபோது, இந்த ஜில்லாவின் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள், தடியடி நடந்தது, ஒரு பெண்மணியை ஓர் உயர் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சி நாடெங்கும் பரவியது. இரு நெடுஞ்சாலைகள் சந்திக்கிற எங்கள் ஊரில் அந்தச் செய்தியைப் பார்த்தவர் எவரும், மதுவும் உணவும் இசைவதைப் பற்றி லேசான மனத்தோடு எழுத முடியாது. அந்தப் பெண்கள் நியாயத்தின் பக்கம் நின்றார்கள். ஒயின் விருந்து எனக்கு உயர்ந்ததாகத் தெரிவதன் காரணமும் அவர்கள் நின்ற இடத்துக்கு எதிரானதன்று: அங்கே பெண்கள் அமர்ந்திருக்கிறார்கள், வயோதிகர்கள் அமர்ந்திருக்கிறார்கள், விளக்கு எரிகிறது, ஊற்றுகிறவர் அளவறிந்து ஊற்றுகிறார், உணவு முன்னே நடக்க மது பின்னே நடக்கிறது. மறைவும் அவசரமும் வெறும் வயிறும் ஆகிய மூன்றையும் நீக்கிவிட்டால் குடியின் கொடுமையில் பெரும்பாகம் நீங்கிவிடும் என்பது என் நம்பிக்கை. முழுவதும் நீங்கிவிடும் என்று சொல்லமாட்டேன்.

கணவாயைத் தாண்டிப் போனால் இதற்கு ஓர் எளிய உதாரணம் கிடைக்கிறது. பாலக்காட்டுச் சித்தூரில் இறக்குகிற கள் கேரளத்தின் பல ஜில்லாக்களுக்குப் போகிறது; அங்கங்கே உள்ள கள்ளுக் கடைகளில் மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும் வாத்துக்கறியும், கள்ளின் மெல்லிய இனிப்பையும் புளிப்பையும் உத்தேசித்தே காரம் கூட்டிச் சமைக்கப்படுகின்றன. இன்று பல கடைகளில் குடும்பத்தோடு சென்று உண்கிறார்கள். பானமும் பதார்த்தமும் ஒன்றையொன்று நினைத்து வளர்ந்த சமையல் அது. அங்கே பொருத்தத்தை விளக்கிச் சொல்ல யாரும் நிற்க வேண்டியதில்லை.

அவிநாசிபாளையத்தில் அப்படி ஒரு வரிசை விருந்து நடத்துவதானால் எப்படி நடத்தலாமென்று சில காலமாக நானும் நண்பர்கள் சிலரும் பேசிவருகிறோம். பனை சுரக்கும் பங்குனியில் வைக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதமில்லை. பத்துப் பேருக்குமேல் அழைப்பதில்லை. சமைத்தவர்கள் கடைசியில் உண்பது என்ற வழக்கத்தை அன்று கைவிட்டு, சுற்றுக்கு ஒருவராக மாறி மாறி எழுந்து பரிமாறிக்கொள்வதாகத் திட்டம். ஆண்களும் எழ வேண்டும். முதலில் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் விடியலில் இறக்கிய பதநீர், பனையோலைப் பட்டையில், நுங்குச் சுளையோடு. கூடவே சுட்ட கடலைக்காய். அடுத்துக் கம்பஞ்சோற்று உருண்டை, அதன்மேல் ஊத்துக்குளி வெண்ணெய், மோர்மிளகாய், புளித்த மோர். பிறகு சந்தகையும் தேங்காய்ப்பாலும். பிறகு கொள்ளுப் பருப்பு, சோறு, நெய். அதற்கு டம்ளரில் கொள்ளு ரசம். பிறகு வெள்ளாட்டுக் கறி. முடிவில் ஒப்புட்டும் வெற்றிலையும். ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் கால்மணி நேரமாவது பேச்சுக்கு விடுவது.

வெள்ளாட்டுக் கறியில்தான் பேச்சு தடைப்பட்டது. அதற்கு உரிய பானத்தைச் சட்டப்படி இங்கே ஊற்ற முடியாது. நந்தி மலை ஒயின் ஒரு போத்தல் வாங்கலாம் என்றார் ஒரு நண்பர். மிளகாய்க்கு அது தாங்காது என்றேன் நான். அடுப்பைப் பொறுப்பேற்றிருக்கிற எங்கள் பெரியம்மா, இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “மொளகாயைக் கொறச்சுப்போட்டு மொளகு சேத்தி வறுத்துப்போடறனுங்க, பச்சைப்புளி ரசம் கரைச்சு வெச்சுக்குவோம், அது கறிக்கு எப்பவுமே சேருமுங்க” என்றார். புளியைக் கொதிக்கவிடாமல் கரைத்து, சுட்ட மிளகாயும் நசுக்கிய சின்ன வெங்காயமும் கொத்தமல்லித் தழையும் போட்டு, ஆறிய நிலையிலேயே அருந்துகிற அந்த ரசத்தில் நிணத்தை அறுக்கிற புளிப்பு இருக்கிறது, வெங்காயத்தின் இனிப்பு இருக்கிறது, சாராயம் மட்டும் இல்லை. மிளகுக் கறிக்கு அதையே வைப்பதென்று முடிவாயிற்று. நண்பரின் ஒயின் போத்தலை ஒப்புட்டுக்குப் பிறகு, விரும்புகிறவர்களுக்கு மட்டும், தம் முன்னிலையிலேயே திறப்பதற்குப் பெரியம்மாவும் சம்மதித்திருக்கிறார்.